கோப்பைக்குள் உருண்ட பகடை

"ஆபீஸில் பொய் பில் வைப்பவர்கள் எத்தனை பேர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கேட்டால் யார் சார் ஒத்துக்கொள்வார்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். யாரும் ஒத்துக்கொள்ளவே வேண்டாம். பொய் சொன்னவர் யார் என்று தெரியாமலே பொய்யை அளக்க ஒரு வழி உண்டு.

சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் ஃபிஷ்பாகர், ஃபோல்மி-ஹாய்சி என்ற இரு ஆய்வாளர்கள் செய்த சோதனை 2013-இல் வெளியானது. கோப்பைக்குள் ஒரு பகடை. குலுக்கிப் பார்த்து விழுந்த எண்ணைச் சொல்ல வேண்டும். 1 முதல் 5 வரை சொன்னால் அத்தனை ஃபிராங்க் கிடைக்கும். 6 என்றால் ஒன்றும் கிடையாது. விழுந்தது என்ன என்பது குலுக்கியவருக்கு மட்டுமே தெரியும்.

எல்லோரும் உண்மை சொன்னால் ஒவ்வொரு எண்ணும் 16.7 சதவீதம் வர வேண்டும். பள்ளிக்கூட நிகழ்தகவுதான். ஆனால் 5 என்றவர்கள் ஏறத்தாழ 35 சதவீதம், 6 என்றவர்கள் 6.4 சதவீதம்.

அந்த 6-ஐக் கொஞ்சம் நின்று பாருங்கள். காசு வராத எண்ணை யாரும் பொய்யாகச் சொல்லப் போவதில்லை. அப்படியானால் 6 என்றவர்கள் அத்தனை பேரும் உண்மை சொன்னவர்கள். பகடை ஆள் பார்த்து விழாது. 6 விழுந்தவர்களில் நேர்மையானவர்கள் எத்தனை பங்கோ, மொத்தக் கூட்டத்திலும் அத்தனை பங்கு இருப்பார்கள். 6.4-ஐ 16.7-ஆல் வகுத்தால் சுமார் 39 சதவீதம். ஒருவரைக்கூடக் குறுக்குவிசாரணை செய்யாமல் கிடைத்த எண் இது! 4 என்றவர்களும் 27 சதவீதம் இருந்தார்கள். முழுப் பேராசைக்காரராகத் தெரியக் கூச்சப்பட்டு ஒரு ஃபிராங்கை விட்டுக்கொடுத்தவர்கள் அதில் இருக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

2014-இல் இதே உத்தியை, நாணயம் சுண்டவைத்து, ஒரு பெரிய வங்கியின் 128 ஊழியர்களிடம் செய்து பார்த்தார்கள். பொதுவான கேள்விகளுக்குப் பிறகு சுண்டியவர்கள் 51.6 சதவீதம் முறை காசு தரும் பக்கம் விழுந்தது என்றார்கள்; எல்லோரும் உண்மை சொன்னால் 50 சதவீதம் வர வேண்டும். வேலையைப் பற்றிய கேள்விகளுக்குப் பிறகு சுண்டியவர்கள் 58.2 சதவீதம். ஆனால் வேறு நாட்டு வங்கிகளில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில் இந்த வேறுபாடு தென்படவில்லை.

சரி, ஆய்வாளர்களின் தரவே பொய்யானால்? படிவத்தின் அடியில் வாங்கும் கையெழுத்தை மேலேயே வாங்கினால் உண்மை கூடும் என்று 2012-இல் ஒரு கட்டுரை வந்தது. கார் காப்பீடு எடுத்தவர்கள் தங்கள் கார் ஓடியதாக எழுதிக்கொடுத்த மைல் கணக்கு அதன் ஆதாரங்களில் ஒன்று. நிஜத்தில் நடுத்தரமாக ஓட்டுபவர்கள் நிறைய, மிக அதிகம் ஓட்டுபவர்கள் கொஞ்சம்; வரைந்தால் ஒரு மேடு வரும். இந்தத் தரவிலோ 0 முதல் 50,000 மைல் வரை பகடை போட்டதுபோல ஒரே சமதளம். 50,000-ஐத் தாண்டியவர் ஒருவர்கூட இல்லை. சூரிக் பகடையில் சமமாக வரவேண்டியது சாய்ந்து காட்டிக்கொடுத்தது என்றால், இங்கே மேடாக வரவேண்டியது சமமாகி மாட்டிக்கொண்டது. கட்டுரை 2021-இல் திரும்பப் பெறப்பட்டது.

ஆய்வுக்கு நிதி தருபவர்கள் தரவை முதல் நாளே பொதுவில் வைக்கச் சொல்ல வேண்டும், அதைச் சரிபார்ப்பவர்களுக்கும் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இந்த மைல் தரவு வெளியே வந்தது 2020-இல்தான். அடுத்த வருடமே பிடிபட்டுவிட்டது.