இமயமலைப் பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் அரசுப் பணம்: யாருக்கு, எதற்கு?

இமாசலத்தில் 2015 குல்லு தசரா விழாவில் 9,892 பெண்கள் சேர்ந்து நாட்டி என்னும் நாட்டுப்புற ஆட்டம் ஆடினார்கள். கின்னஸ் சாதனையும் ஆயிற்று. சரி, அந்த ஆட்டத்துக்கான வாசிப்பை அடுத்த தலைமுறைக்கு யார் கற்றுத் தருவது? விழா மேடையில் அதற்கு இடமில்லை. அந்த வேலைக்குத்தான் மத்திய கலாசார அமைச்சகம் ஒரு திட்டம் வைத்திருக்கிறது: இமயமலைப் பண்பாட்டு மரபைப் பாதுகாக்கவும் வளர்க்கவும் நிதியுதவி.

பணம் தனி கலைஞருக்கு வராது. அங்குள்ள பதிவு பெற்ற தொண்டு அமைப்புகள், கல்லூரிகள், பல்கலைக்கழகங்கள்தான் கேட்க முடியும். ஜம்மு காஷ்மீர், இமாசலம், உத்தராகண்ட், சிக்கிம், அருணாசலம் ஆகியவை இதில் அடங்கும். ஓர் அமைப்புக்கு ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் வரை. விதிவிலக்காக 30 லட்சம் வரை போகலாம். ஆய்வு, பழைய சுவடிகளைக் காப்பது, பாட்டையும் ஆட்டத்தையும் ஒலி ஒளியாகப் பதிவது, நாட்டுப்புறக் கலைப் பயிற்சி ஆகியவற்றுக்குச் செலவிடலாம்.

உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில் சலூர்-டுங்ரா கிராமங்களின் ரம்மாண் விழாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் கடைசியில் ஊர்த் தெய்வம் பூமியாளுக்காக நடக்கிறது. முகமூடி ஆட்டம், ராமாயணப் பாட்டு, ஊர்க்கதைகளைப் பாடும் ஜாகர் எல்லாம் உண்டு. 2009இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியது. அங்கே டோல் என்னும் மேளம் அடிப்பவர்கள் தாஸ் சமூகத்தார். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் பிழைப்புக்காக ஊரை விட்டுப் போய்விட்டால், பெயர் பட்டியலில் இருக்கும், தாளம் இருக்காது. விண்ணப்பம் எழுதும் அமைப்பு மேடைச் செலவைவிடப் பயிற்சிக்கும் பதிவுக்கும் கூடுதலாகக் கேட்பது நல்லது என்பேன்.

அப்புறம், தனி ஆசானுக்கு வழியே இல்லையா? இருக்கிறது, வேறு இடத்தில். மத்திய அரசின் மண்டலப் பண்பாட்டு மையங்கள் நடத்தும் குரு-சிஷ்ய பரம்பரைத் திட்டத்தில் மாதம் குருவுக்கு 7,500 ரூபாய், பக்க வாத்தியக்காரருக்கு 3,750, சீடர் ஒவ்வொருவருக்கும் 1,500 என்று நிர்ணயித்திருக்கிறார்கள். குடும்பம் நடத்த இது போதாது. ஆனாலும் கற்றுத் தருவதற்கென்றே வருகிற காசு.

நீலகிரியின் தோடர், கோத்தர், படுகர் கலைகளுக்கு இமயமலைத் திட்டம் பொருந்தாது. நம் பக்கத்து மண்டல மையம் தஞ்சாவூரில் இருக்கிறது. குரு-சிஷ்ய உதவிக்கு அங்கே விசாரிக்க வேண்டும்.