புழுவின் செல்களை எண்ணியவர்கள் என்ன படித்தவர்கள்?

மண்ணில் வாழும் சி. எலிகன்ஸ் என்ற நூற்புழு ஒரு மில்லிமீட்டர் நீளம்தான். உடல் கண்ணாடிபோல இருப்பதால் உள்ளே நடப்பதை உயிரோடேயே பார்க்கலாம். கருவுற்ற ஒரே செல்லிலிருந்து இருபாலிப் புழுவில் (விந்து, முட்டை இரண்டும் ஒரே உடலில் உண்டாகும் புழு) 1,090 உடற்செல்கள் பிறக்கின்றன (கறாராகச் சொன்னால், உட்கருக்கள்). அவற்றில் 131 உரிய நேரத்தில் இறந்துவிட, 959 மிஞ்சுகின்றன. இயல்பான எந்தப் புழுவை எடுத்தாலும் இதே கணக்குதான். கேம்பிரிட்ஜ் மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் இந்த வேலையை முன்னெடுத்த நால்வரும் வேறு வேறு துறைகளிலிருந்து வந்தவர்கள்.

சிட்னி பிரென்னர் தென்னாப்பிரிக்காவில் மருத்துவம் படித்தவர். பின்னர் ஆக்ஸ்போர்டில் பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களை ஆராய்ந்தார். ஏராளமான உயிர்களில் மரபணுக்களைச் சிதைத்து, கோளாறு உள்ளவற்றைப் பொறுக்கி எடுப்பது அத்துறையின் பழக்கம். புழுவிலும் அதையே செய்தார். மரபணுக்களைச் சிதைக்கும் எத்தில் மீத்தேன்சல்போனேட் என்ற வேதிப்பொருளின் கரைசலில், 0.05 மோலார் செறிவில், புழுக்களை 4 மணி நேரம் வைத்தார். ஒடுங்கு மாற்றம் (மரபணுவின் இரு பிரதிகளும் சிதைந்தால்தான் வெளிப்படுவது) முதல் தலைமுறையில் வெளியே தெரியாது. அவை தம்மைத் தாமே கருவுறச் செய்த பிறகு, இரண்டாம் தலைமுறையில் நான்கில் ஒன்றில்தான் தெரியும். முதல் தலைமுறையைப் பார்த்துவிட்டு 'ஒன்றுமில்லை' என்று தட்டைக் கொட்டிவிட்டால் தேடியது கையைவிட்டுப் போகும்.

ஜான் சல்ஸ்டன் வேதியியலர். முனைவர் பட்டத்துக்கு, டி.என்.ஏ.வின் கட்டுமான அலகுகளான நியூக்ளியோடைடுகளின் வேதியியலில் உழைத்தவர். கண்ணாடித் தகட்டில் அகார் என்ற கூழ்மத்தின் மெல்லிய படலம், அதன்மேல் இரைக்குச் சிறிது பாக்டீரியா, நடுவில் இளம்புழு, மேலே மூடுகண்ணாடி. இந்த ஏற்பாட்டில் நோமார்ஸ்கி ஒளியியல் என்ற நுண்ணோக்கி முறை சாயமில்லாமலே உட்கருக்களைக் காட்டியது. அகார் காய்ந்தால் புழு நசுங்கும். இரை இல்லாவிட்டால் வளர்ச்சி நின்றுபோகும். இளம்புழுவின் செல் பிரிவுகளை சல்ஸ்டனும் ராபர்ட் ஹோர்விட்ஸும் 1977-இல் வெளியிட்டனர்.

கரு அதைவிடக் கடினம். 50 மைக்ரான் நீளமுள்ள முட்டைக்குள் ஏறக்குறைய 14 மணி நேரத்தில் 671 செல்கள் பிறந்து, 113 இறந்து, 558 மிஞ்சுகின்றன. பாதி வளர்ச்சிக்குப் பிறகு தசை துடிக்கத் தொடங்கி, கரு ஓட்டுக்குள்ளேயே புரளும். அதற்குள் ஒவ்வொரு செல்லும் எங்கே இருக்கிறது என்று குறித்தாக வேண்டும். சல்ஸ்டன் நாளுக்கு இரண்டு அமர்வு, அமர்வுக்கு 4 மணி நேரம் என்று ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு பார்த்து, கையால் வரைந்தார். ஒரு பிரிவைத் தவறவிட்டால் அடுத்த கருவில் அந்த இடத்தை மட்டும் மீண்டும் பார்க்கலாம். எல்லாப் புழுக்களும் ஒரே வரிசையில் பிரிவதால்தான் இது முடிந்தது. எந்தச் செல்லிலிருந்து எது பிறந்தது என்று கிளைவிடும் மரமாகக் காட்டும் முழு வரைபடம் 1983-இல் வெளியானது. இந்த வேலைக்கு வேண்டியிருந்தது, ஒரு பொருளை வாரக்கணக்கில் சுத்திகரித்துப் பழகிய வேதியியலரின் பொறுமை என்றே சொல்வேன்.

ஹோர்விட்ஸின் இளநிலைப் பட்டம் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், கணிதமும் பொருளியலும். முனைவர் பட்டம் உயிரியலில். வரைபடம் கிடைத்தபின் கேள்வி மாறியது: மரத்தின் எந்தக் கிளையை எந்த மரபணு ஆள்கிறது? சாக வேண்டிய செல்கள் சாகாமல் நிற்கும் புழுக்களைத் தேடி, செல் மரணத்துக்குத் தேவையான செட்-3, செட்-4 மரபணுக்களை ஹிலரி எல்லிஸுடன் 1986-இல் அறிவித்தார்.

ஜான் வைட் இயற்பியல் படித்தவர். புழுவை 50 நானோமீட்டர் தடிமனில் ஆயிரக்கணக்கான துண்டுகளாக வெட்டி, எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களைத் தொடர்ந்து 302 நரம்புச் செல்களின் இணைப்புகளையும் கண்டது அவரது குழு. அடுத்தடுத்துச் சில துண்டுகள் கிழிந்தால் எந்த இழை எதன் தொடர்ச்சி என்பதே குழம்பிவிடும். கணினியில் செய்ய முயன்று, கடைசியில் படங்களின்மேல் பேனாவால் எண் எழுதியே முடித்தார்கள். அதில் பெரும்பங்கு, பள்ளிப் படிப்பு முடித்து உதவியாளராகச் சேர்ந்த ஐலீன் சவுத்கேட்டுடையது. ஆய்வகத்தின் கல்விப் பின்னணி என்று பட்டங்களை மட்டும் அடுக்கினால் இவர் விடுபட்டுப் போவார்.

இன்று உட்கருக்களை ஒளிரும் புரதத்தால் குறித்து, கணினியே பின்தொடர்கிறது. 2006-இல் வெளியான ஒரு மென்பொருள் 350 செல் கட்டம் வரை சென்றது. ஆனால் நிமிடத்துக்கு ஒரு படம் என்று 200 படங்களில், படத்துக்கு 99 விழுக்காடு சரி என்று வைத்தாலும், ஒரு செல்லை முதலிலிருந்து கடைசிவரை தவறாமல் தொடரும் வாய்ப்பு 13 விழுக்காடுதான். தொடக்கத்தில் நேரும் ஒரு பிழை அந்தக் கிளையின் எல்லா வாரிசுகளுக்கும் போகும். அதனால் நிரல் எழுதுபவருக்குப் பக்கத்தில், எந்தச் செல் எப்போது எந்தத் திசையில் பிரியும் என்று தெரிந்த ஒருவர் உட்கார்ந்து திருத்த வேண்டியிருக்கிறது.