ஆர்க்கிடுக்கு மண் வேண்டாம், தயவுசெய்து!

போன வாரமும் ஒன்று நர்சரிக்கு வந்தது. பீங்கான் தொட்டி நிறையச் செம்மண், மேலே மண்புழு உரம், நடுவில் இலை தொங்கிப்போன ஒரு ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட். “நல்ல மண்ணாப் பார்த்துதாங்க வெச்சேன், தினமும் தண்ணி ஊத்தினேன்” என்றார் அந்த அம்மா. கவிழ்த்து வேரைப் பிடித்தேன். தோல் வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிட்டது; உள்ளே மிஞ்சியது மெல்லிய நார் மட்டும். அதற்கு மேல் வைத்தியம் என்ன சொல்ல?

வீட்டுக்குள் வளர்க்க விற்கும் ஆர்க்கிடுகள் பெரும்பாலும் மரக்கிளையில் ஒட்டி வாழ்பவை. புல்லுருவி என்று நினைக்காதீர்கள். மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை, உட்கார இடம் மட்டும்தான் கேட்கின்றன. மழை பெய்தால் வேர் நனையும், காற்றடித்தால் காயும். விவசாயி சொல்வாரே, காய்ச்சலும் பாய்ச்சலும், அதேதான். மண்ணில் புதைத்தால் காற்றில்லாமல் வேர் அழுகும். அழுகிய வேர் தண்ணீர் எடுக்காது, இலை வாடும். வாடியதும் நாம் என்ன செய்வோம்? இன்னொரு சொம்பு ஊற்றுவோம்! செம்மண், வண்டல், தோட்டக் கலவை எதுவும் வேண்டாம். வெறும் கோகோபீட்டும் (தேங்காய் நார்த் தூள்) ஈரத்தை விடாது, அதுவும் வேண்டாம். கரித்துண்டு, பைன் பட்டை, ஊறவைத்து அலசிய தேங்காய் மட்டைத் துண்டு, ஓட்டுச் சில்லு போதும். “ஒரு கைப்பிடி மண்ணாவது?” கூடாது.

சரி, எதை வாங்குவது? பூவைப் பார்க்காதீர்கள், உங்கள் ஜன்னலைப் பாருங்கள். நேர் வெயில் விழாமல், பகலில் விளக்குப் போடாமலே பேப்பர் படிக்க முடிகிற இடமென்றால் ஃபெலனாப்சிஸ். பூ இரண்டு மூன்று மாதம் நிற்கும். மார்கழி, தை மாத இரவுக் குளிரில் மறுபடி பூக்காம்பு விடும். காலை வெயில் இரண்டு மணி நேரமாவது விழும் பால்கனி இருந்தால் டென்ட்ரோபியம். சென்னையில் அதைப்போலச் சொன்னபடி கேட்கும் ஆர்க்கிட் வேறில்லை. வாண்டா ஆர்க்கிடை மாடியில் நிழல்வலை போட்டவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

ஊட்டியிலிருந்து திரும்பும்போது சிம்பிடியம் வாங்கி வராதீர்கள். பூக்க அதற்கு 10–15 டிகிரி இரவு வேண்டும். சமவெளியில் இலை மட்டும்தான் வளரும். ஆன்லைனில் ‘ஆர்க்கிட் விதை’ பாக்கெட் விற்பது சுத்த ஏமாற்று. நிஜ விதை கண்ணுக்கே சரியாகத் தெரியாது, முளைக்கத் தேவையான உணவும் அதில் இல்லை, ஆய்வகக் குடுவையில்தான் முளைக்கவைக்க வேண்டும். அந்தப் பளீர் நீல ஃபெலனாப்சிஸ்? சாயம் ஏற்றியது. அடுத்த முறை வெள்ளையாகத்தான் பூக்கும், என்னிடம் சண்டைக்கு வராதீர்கள்.

வாங்கும்போது பூத்த, வளர்ந்த செடியாக எடுங்கள். தொட்டியைத் தூக்கி வேரைப் பாருங்கள். பச்சையாகவோ வெள்ளி நிறத்திலோ கெட்டியாக இருந்தால் சரி. பழுப்பாகக் குழைந்திருந்தால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

தண்ணீருக்கு நாள் கணக்கு வைக்காதீர்கள். வேர் வெள்ளி நிறமானால் ஊற்றுங்கள், பச்சையாக இருந்தால் விட்டுவிடுங்கள். ஊற்றுவது காலையில் மட்டும். அடித்தட்டில் நீர் தேங்கக் கூடாது. ஃபெலனாப்சிஸின் குருத்தில் தேங்கினால் உடனே துணியால் ஒற்றி எடுங்கள்.

பூ கொட்டியதும் செடி செத்துவிட்டதென்று குப்பையில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். டென்ட்ரோபியத்தில் இலையுதிர்ந்து நிற்கும் பழைய தண்டைக்கூடக் கெட்டியாக இருக்கும்வரை வெட்டாதீர்கள். புதுக் குருத்துக்குச் சாப்பாடு அதில்தான் இருக்கிறது.