விலங்குகள் மேல் சோதனை: நம் சட்டம் எதைத் தடுக்கிறது, எதை அனுமதிக்கிறது

ஷாம்பு டப்பாவின் பின்பக்கம் சின்னதாக ஒரு முயல் படம் போட்டிருக்கும். விலங்குகள் மேல் சோதித்துப் பார்க்காத பொருள் என்று அதற்கு அர்த்தம். அதைப் பார்த்துவிட்டு, படம் இல்லாத ஷாம்பு எல்லாம் முயல் கண்ணில் ஊற்றிப் பார்த்த பிறகுதான் கடைக்கு வருகிறது என்று நினைப்பவர்கள் உண்டு. "விலங்குச் சோதனையைத்தான் இந்தியாவில் தடை செய்துவிட்டார்களே, அப்புறம் என்ன?" என்று கேட்பவர்களும் உண்டு. இரண்டுமே சரியில்லை. அழகுசாதனப் பொருளுக்கு ஒரு சட்டம், மருந்துக்கும் ஆராய்ச்சிக்கும் வேறொரு சட்டம். இந்த இரண்டையும் பிரித்துப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் எளிதானதைச் சொல்லிவிடுகிறேன். சோப்பு, ஷாம்பு, பவுடர், லிப்ஸ்டிக் போன்ற அழகுசாதனப் பொருள்களை விலங்குகள் மேல் சோதிப்பதை மத்திய அரசு 2014 மே மாதம் தடை செய்தது. வெளிநாட்டில் விலங்குகள் மேல் சோதித்த அழகுசாதனப் பொருள்களை இறக்குமதி செய்யவும் அதே ஆண்டு நவம்பரிலிருந்து தடை. 2020-ல் அழகுசாதனப் பொருள்களுக்கென்று தனி விதிகள் வந்தபோதும் இந்தத் தடைகள் தொடர்ந்தன. ஆகவே முயல் படம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இங்கே ஒரு ஷாம்புக்காக முயலைப் பிடித்து வைத்துச் சோதிப்பது சட்டவிரோதம்.

ஏன் முயல் படம்? 1944-ல் ஜான் டிரெய்ஸ் என்ற அமெரிக்கர் வகுத்த ஒரு சோதனைதான் காரணம். முயலின் தலை மட்டும் வெளியே தெரியும்படி ஒரு பெட்டிக்குள் வைத்து, ஒரு கண்ணில் மட்டும் பொருளை விடுவார்கள். மற்றக் கண் ஒப்பிட்டுப் பார்க்க. சிவக்கிறதா, வீங்குகிறதா, புண்ணாகிறதா என்று நாள்கணக்கில் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். ஒரு புது வாசனை ஷாம்புக்காக இதைச் செய்ய வேண்டுமா என்று மக்கள் கேட்கத் தொடங்கிய பிறகுதான் மாற்று வழிகள் வேகமாக வந்தன. இன்று ஆய்வகத்தில் வளர்த்த மனிதத் தோல் படலத்தின் மேல் எரிச்சலைச் சோதிக்கிறார்கள். கண்ணுக்கு, இறைச்சிக்கூடத்தில் கிடைக்கும் மாட்டுக் கண்ணின் கருவிழிப் படலத்தைப் பயன்படுத்துகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2013 மார்ச்சில் தன் தடையை முழுமையாக்கியதற்கும் இந்த மாற்று வழிகள் துணை நின்றன.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். இந்தத் தடை அழகுசாதனப் பொருளுக்கான சோதனைக்குத்தான். அதே ரசாயனத்தை மருந்தாகவோ பூச்சிக்கொல்லியாகவோ சோதித்தால் அது வேறு சட்டத்தின் கீழ் வரும்.

அந்த வேறு சட்டம் 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம். இதன் தொடக்கம் நம்மூரோடு சேர்ந்தது. கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் 1952-ல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். பழைய சட்டம் போதாது என்று தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே விரிவான சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி கொடுத்ததால் மசோதாவைத் திரும்பப் பெற்றார். அந்த உறுதிதான் 1960-ல் சட்டமானது. அதன்படி 1962-ல் அமைந்த இந்திய விலங்கு நல வாரியத்துக்கு முதல் தலைவரும் அவரே. 2018-ல் ஹரியானாவுக்கு மாற்றும் வரை வாரியத்தின் தலைமையகம் சென்னையில்தான் இருந்தது.

அந்தச் சட்டத்தின் நான்காம் அத்தியாயம் முழுக்க விலங்குச் சோதனையைப் பற்றியது. அதன் முதல் பிரிவான 14-ஆம் பிரிவைப் படிக்கும் விலங்கு ஆர்வலர்கள் பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். உயிரைக் காக்கவோ நீட்டிக்கவோ, வேதனையைக் குறைக்கவோ, நோயை எதிர்க்கவோ பயன்படும் அறிவுக்காகச் செய்யும் சோதனை சட்டவிரோதம் ஆகாது என்கிறது அது. ஆனால் அதோடு நிற்கவில்லை. 15-ஆம் பிரிவு, சோதனைகளைக் கட்டுப்படுத்தவும் மேற்பார்வை செய்யவும் ஒரு தேசியக் குழுவை அமைக்க வழி செய்கிறது. 17-ஆம் பிரிவு அந்தக் குழுவுக்கு வேலை கொடுக்கிறது. வலியில்லாமல் இருக்க மயக்க மருந்து கொடுக்கப்படுகிறதா? மீண்டாலும் கடும் வேதனைதான் என்ற நிலையில் இருக்கும் விலங்கு, மயக்கம் தெளிவதற்கு முன்பே வலியின்றிக் கொல்லப்படுகிறதா? புத்தகம், மாதிரி, படம் போதுமென்றால் கல்லூரியில் சோதனை தவிர்க்கப்படுகிறதா? எலியில் முடிகிற வேலைக்குப் பெரிய விலங்கைத் தொடுகிறார்களா? வெறும் கைப்பழக்கத்துக்காக யாராவது விலங்கை அறுக்கிறார்களா? இவற்றையெல்லாம் பார்த்துக்கொள்வது குழுவின் கடமை.

வாசகம் நன்றாகத்தான் இருந்தது. 1964-ல் குழுவும் அமைந்தது. ஆனால் பல ஆண்டுகள் அது பெயருக்குத்தான் இருந்தது. 1998-ல் மேனகா காந்தி தலைமையில் உயிர்பெற்ற பிறகுதான், விலங்கு வளர்ப்பும் சோதனையும் பற்றிய விதிகள் வந்தன. 2001-லும் 2006-லும் அவற்றைத் திருத்தினார்கள். சிபிசிஎஸ்இஏ என்று ஆய்வகக்காரர்கள் சொல்லிப் பழகிய அந்தக் குழுவின் பெயர் இப்போது சிசிஎஸ்இஏ. மத்திய கால்நடை பராமரிப்புத் துறையின் கீழ் இயங்குகிறது.

இந்த விதிகளின்படி, விலங்குகளை வைத்து ஆராய்ச்சி செய்யும் ஒவ்வொரு நிறுவனமும் குழுவிடம் பதிவு செய்ய வேண்டும். விலங்குகளைப் பதிவு பெற்ற வளர்ப்பகங்களிலிருந்துதான் வாங்க வேண்டும். தெரு நாயைப் பிடித்துக்கொண்டு போய்ச் சோதனைக்கு வைக்க முடியாது. ஒவ்வொரு ஆய்வுக்கும் நிறுவனத்துக்குள் இருக்கும் விலங்கு நெறிமுறைக் குழு (சுருக்கமாக ஐஏஇசி) முன்கூட்டியே ஒப்புதல் தர வேண்டும். எம்.பார்ம் படிக்கிறவர்களிடம் கேட்டால் "ஐஏஇசி அப்ரூவல் வந்துவிட்டதா?" என்பதுதான் ஒருவருக்கொருவர் கேட்கும் முதல் கேள்வி. எலி, சுண்டெலி, முயல் போன்ற சிறிய விலங்குகள் என்றால் இந்தக் குழுவே முடிவு செய்யும். நாய், குரங்கு போன்றவை என்றால் தேசியக் குழுவின் அனுமதியும் வேண்டும்.

விண்ணப்பத்தில் எத்தனை விலங்கு, ஏன் அத்தனை, ஏன் அந்த இனம் என்று எழுத வேண்டும். புள்ளியியல்படி செல்லும் முடிவு கிடைக்கக் குறைந்தபட்சம் எத்தனை வேண்டுமோ அத்தனைக்குத்தான் அனுமதி. மாற்று வழி இருந்தும் பயன்படுத்தவில்லை என்றால் அதற்கு உறுதியான காரணம் சொல்ல வேண்டும். 1959-ல் ரஸ்ஸல், பர்ச் என்ற இரண்டு ஆங்கிலேய விஞ்ஞானிகள் முன்வைத்த மூன்று கொள்கைகள்தான் இதற்கு அடிப்படை: முடிந்தால் விலங்குக்குப் பதில் வேறு வழி, முடியாவிட்டால் எண்ணிக்கையைக் குறை, அதிலும் வேதனையைக் குறை. நம் விதிகள் நான்காவதாக ஒன்றைச் சேர்த்தன. சோதனை முடிந்த விலங்கின் மறுவாழ்வுக்கு ஆராய்ச்சி செய்தவர்களே பொறுப்பு. அதற்கான செலவும் ஆராய்ச்சிச் செலவிலேயே அடங்கும். என் பார்வையில் இந்த விதிகளிலேயே மனிதத்தன்மை மிகுந்த வரி இதுதான்.

மாணவர்களுக்கு ஒரு செய்தி. விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் மெழுகுத் தட்டில் தவளையைக் குத்தி வைத்து அறுத்த தலைமுறை நம்மில் நிறையப் பேர். 2014-ல் பல்கலைக்கழக மானியக் குழு விலங்கியல், உயிரியல் படிப்புகளில் விலங்குகளை அறுப்பதை நிறுத்தச் சொன்னது. இன்றைக்கும் எங்காவது கட்டாயப்படுத்தினால், அந்த உத்தரவையும் 17-ஆம் பிரிவையும் காட்டி எழுத்தில் கேட்கலாம்.

சரி, இவ்வளவு இருக்கும்போது விவாதம் எதற்கு?

பதிலை வெறிநாய்க்கடி ஊசியிலிருந்தே தொடங்கலாம். நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று பயமுறுத்திய காலம் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆட்டின் மூளையில் வைரஸை வளர்த்து, கொன்று, அதிலிருந்து எடுத்த தடுப்பூசி அது. ஒவ்வொரு முறை தயாரிக்கவும் ஆடுகள் நோய்வாய்ப்பட்டுச் சாக வேண்டும். போட்டுக்கொண்டவர்களில் சிலருக்கு நரம்புப் பாதிப்பும் வந்தது. குன்னூரில் 1907-ல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனமும் பல காலம் இப்படித்தான் தயாரித்தது. பிறகு வீரோ செல்கள் வந்தன. 1962-ல் ஜப்பானில் ஒரு ஆப்பிரிக்கக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்து, அன்றிலிருந்து ஆய்வகத்திலேயே பெருகிக்கொண்டிருக்கும் செல்கள் அவை. இந்தியா 2004 டிசம்பரில் ஆட்டு மூளைத் தடுப்பூசித் தயாரிப்பை நிறுத்தியது. ஆட்டுக்கும் நல்லது, நமக்கும் நல்லது. இப்போது கையில் நான்கைந்து ஊசியோடு முடிகிறது. விலங்கை விட்டால் மருத்துவம் பின்தங்கிவிடும் என்று சொல்பவர்களுக்கு நான் எப்போதும் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. அந்தப் புதிய தடுப்பூசியின் வீரியத்தை அளக்கச் சுண்டெலிகளைப் பயன்படுத்தும் முறை தொடர்ந்தது. பாம்புக்கடி மருந்தும் அப்படித்தான். வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர் விஷம் எடுத்துவிட்டுப் பாம்புகளைத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். அந்த விஷத்தைச் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருளிலிருந்து மருந்து தயாரிக்கிறார்கள். வேலை செய்கிறதா என்று எலிகளில் பார்க்கிறார்கள். வயலில் கண்ணாடிவிரியன் கடித்துக் கொண்டுவரப்படும் ஒருவருக்கு இதைவிட்டால் வேறு மருந்து இல்லை. எல்லாவற்றையும் நாளைக்கே தடை செய் என்ற கோரிக்கையை என்னால் ஏற்க முடியாததற்குக் காரணம் இதுதான். குதிரையை எப்படி வைத்திருக்கிறார்கள், எவ்வளவு ரத்தம் எடுக்கிறார்கள், ஓய்வு தருகிறார்களா என்று கேட்பதை விட்டுவிட முடியாததற்கும் இதுதான் காரணம். 2001 திருத்தத்துக்குப் பிறகு இப்படி மருந்து தயாரிக்க விலங்கைப் பயன்படுத்துவதும் 'சோதனை' என்ற சொல்லுக்குள் வருகிறது.

விலங்கில் பார்த்தால் மனிதனுக்குப் பாதுகாப்பு உறுதி என்ற நம்பிக்கையும் ஆட்டம் கண்டிருக்கிறது. 2006 மார்ச்சில் லண்டனில் டிஜிஎன்1412 என்ற புது மருந்தை ஆறு பேருக்குக் கொடுத்தார்கள். குரங்குகள் தாங்கிய அளவில் ஐந்நூறில் ஒரு பங்குதான். ஆறு பேருக்கும் உறுப்புகள் செயலிழக்கத் தொடங்கின. தீவிர சிகிச்சையில்தான் பிழைத்தார்கள். மறுபக்கம், தாலிடமைடு மாத்திரையைக் கருவுற்ற விலங்குகளில் சரியாகப் பார்க்காமல் விற்றதால் 1950-களின் கடைசியிலும் 60-களின் தொடக்கத்திலும் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் வளராமல் பிறந்தன. இரண்டு தரப்புமே இந்த இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துப் பேசுவது வழக்கம்.

சட்டமும் நகர்ந்திருக்கிறது. புது மருந்துக்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்ற 1938-ஆம் ஆண்டு விதியை அமெரிக்கா 2022 டிசம்பரில் நீக்கியது. இந்தியா 2023 மார்ச்சில் புதிய மருந்துகள் விதிகளைத் திருத்தி, செல் சோதனை, சிப்பில் வளர்த்த உறுப்புத் திசு, கணினி மாதிரி ஆகியவற்றின் முடிவுகளையும் ஏற்க வழி செய்தது. விலங்கைத் தடை செய்யவில்லை. வேறு கதவு ஒன்றைத் திறந்திருக்கிறது, அவ்வளவுதான்.

என்னை உறுத்துவது தண்டனைதான். சோதனைக்கான நிபந்தனையை மீறினால் 20-ஆம் பிரிவின்படி அதிகபட்ச அபராதம் 200 ரூபாய். பொதுவான வதைக்கு 11-ஆம் பிரிவில் முதல் முறை 10 முதல் 50 ரூபாய். பல பத்தாண்டுகளுக்கு முன் எழுதிய தொகைகள் இவை. 2022 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட திருத்த வரைவில் கொடூர வதைக்குக் குறைந்தது 50,000 ரூபாயும் சிறைத் தண்டனையும் முன்மொழியப்பட்டன. விலங்குகளுக்கான ஐந்து சுதந்திரங்களையும் சட்டத்தில் சேர்க்கச் சொன்னது அந்த வரைவு: பசி தாகம் இல்லாமை, அசௌகரியம் இல்லாமை, வலியும் நோயும் இல்லாமை, அச்சமும் துன்பமும் இல்லாமை, இயல்பாக நடந்துகொள்ளும் உரிமை. வரைவு வந்ததோடு நிற்கிறது. இன்றைக்கு ஒரு நிறுவனம் உண்மையிலேயே பயப்பட வேண்டியது 19-ஆம் பிரிவுக்குத்தான். விதியை மீறும் நிறுவனம் சோதனையே செய்யக்கூடாது என்று தேசியக் குழு உத்தரவிட அது அதிகாரம் தருகிறது.

மீறல் தெரிந்தால் யார் வேண்டுமானாலும் சிசிஎஸ்இஏ-வுக்கு எழுதலாம். நிறுவனத்தின் பெயர், என்ன விலங்கு, என்ன பார்த்தீர்கள், எந்தத் தேதி என்று எழுதினால் போதும். நேரில் வந்து ஆய்வு செய்ய 18-ஆம் பிரிவு அவர்களுக்கு அதிகாரம் தருகிறது.

அப்புறம், பலருக்குத் தெரியாத ஒன்று. நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவில் விஞ்ஞானிகளோடும் கால்நடை மருத்துவரோடும், விஞ்ஞானி அல்லாத, சமூக அக்கறையுள்ள வெளியாள் ஒருவருக்கும் இடம் உண்டு. தேசியக் குழுவின் பிரதிநிதி இல்லாமல் கூட்டம் நடத்தக் கூடாது. அந்த வெளியாள் நாற்காலியில் உட்காருபவர் மருந்தியல் படித்திருக்க வேண்டியதில்லை. "இந்த ஆய்வு ஏற்கெனவே வேறு எங்கும் நடக்கவில்லையா? 60 எலி எதற்கு, 40 போதாதா? வலி அதிகமானால் எந்தக் கட்டத்தில் நிறுத்துவீர்கள்? முடிந்த பிறகு இவை எங்கே போகும்?" என்று கேட்டு, பதில் திருப்தியாக இல்லாவிட்டால் அதைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்வதுதான் அவர் வேலை.