கராம்பு எண்ணெய்: பல்லுக்கு ஒரு துளி, முரசில் படாமல்

இரவு 11 மணிக்குப் பல்லுக்கொதி தொடங்கினால் கொழும்பின் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் முதலில் தேடுவது அலுமாரித் தட்டில் கிடக்கும் கராம்பு எண்ணெய்ப் போத்தலைத்தான். தேடுவதில் பிழையில்லை. கராம்பு என்பது விரியாத பூமொட்டு. அதை நீராவியில் வடித்த எண்ணெயில் பெரும்பங்கு யூஜெனோல். வலியை மரக்கச் செய்வதும் அதுதான், முரசைச் சுடுவதும் அதுதான்.

நனைத்த பஞ்சைப் பல்லுக்குள் அடைத்துவிட்டு நித்திரைக்குப் போவதால் வரும் காயத்தை அடிக்கடி காண்கிறோம். எண்ணெய் முரசிலும் கன்னத்தின் உட்புறத்திலும் கசிகிறது. மரத்த இடம் என்பதால் எரிவு தெரியாது. விடியப் பார்த்தால் வெள்ளையாகத் தோல் உரிந்து, கீழே புண். வலி பரவிவிட்டதாக நினைத்து இன்னும் இரண்டு துளி விடுவார்கள்!

அரைத் தேக்கரண்டி தேங்காய் எண்ணெயில் ஒரேயொரு துளி போதும். பஞ்சுக்குச்சியைத் தோய்த்து, கிண்ண விளிம்பில் அழுத்தி வடித்து, சூத்தைப் பல்லில் மட்டும் ஒற்றி எடுங்கள். தண்ணீரில் விட்டுக் கொப்பளிப்பது சரிவராது. இது தண்ணீரை விடக் கனம். கலக்காமல் அடியில் தங்கி, கடைசி மிடறில் அப்படியே நாக்கில் படும்.

அந்தக் கனம் கலப்படம் பார்க்கவும் உதவும். ஒரு கிளாஸ் தண்ணீரில் சில துளி விட்டு, மேலே நிற்பதை ஈர்க்கால் தட்டுங்கள். நல்லது தாழும், தேங்காய் எண்ணெய் அதிகம் சேர்ந்தது மிதக்கும். ஆனால் கறுவா இலை எண்ணெயும் தாழும். அதிலும் யூஜெனோல்தான் கூட, மணமும் மூக்கை ஏமாற்றும். லேபல் இல்லாத போத்தலை வாங்காதீர்கள்.

பல்வைத்தியரிடம் போகுமுன் பூசியிருந்தால் அதைச் சொல்லிவிடுங்கள். சூத்தைப் பல்லை அடைக்கும் வெள்ளை நிற கொம்பொசிற் நிரப்பி சரியாக இறுகுவதை யூஜெனோல் தடுக்கும். முகம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ எண்ணெயோடு மினக்கெட வேண்டாம்.

உடம்பில் தடவ 30 மில்லிலீற்றர் எண்ணெய்க்கு 3 துளி, அதாவது 0.5 சதவீதம், அதற்கு மேல் வேண்டாம். வோபரின் (இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து) குடிப்பவர்கள் வைத்தியரைக் கேளுங்கள். பல் முளைக்கும் குழந்தையின் முரசில் தடவவே கூடாது. தோலில் சிந்தினால் முதலில் தேங்காய் எண்ணெயால் துடைத்து, பிறகு சவர்க்காரம் போடுங்கள். கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள்.

போத்தல் 10 மில்லிலீற்றர்தான். அதில் பாதியளவு குடித்த சிறுகுழந்தைகளுக்கு வலிப்பு, நினைவிழப்பு, ஈரல் பாதிப்பு வந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. ஆகவே பூட்டிவையுங்கள். குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள், எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழையுங்கள், அல்லது பொரளை சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு ஓடுங்கள். போத்தலையும் கையோடு எடுத்துப் போங்கள். எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அங்கே கேட்பார்கள்.