அகராதியைக் கொஞ்சம் மூடி வையுங்கள்

பொது விவாதங்களை நெறிப்படுத்துவது என் தொழில். அண்மையில் நடந்ததும் பழைய கதைதான். ஒரு கட்டணச் சலுகையை எல்லோருக்கும் கொடுப்பதா, ஏழைகளுக்கு மட்டும் கொடுப்பதா என்பது தலைப்பு. "சமத்துவம் என்றால் எல்லோருக்கும் ஒரே விதி" என்றார் முதலில் பேசியவர். "இல்லாதவருக்குக் கூடுதலாகக் கொடுப்பதுதான் சமத்துவம்" என்றார் அடுத்தவர். அத்தோடு கட்டணம் காணாமல் போயிற்று. சலுகைக்கு எவ்வளவு செலவாகும், ஏழை என்று யார் சான்று தருவார், சான்று கிடைக்காதவர் கதி என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. சமத்துவத்தைக் காப்பாற்றிவிட்ட நிறைவோடு இருவரும் எழுந்து போனார்கள்.

இப்படிப்பட்ட கூட்டங்களில் பார்வையாளர் ஒருவர் தவறாமல் கைபேசியை உயர்த்துவார்: "அகராதியைப் பார்த்தால் தீர்ந்துவிடுமே!" எனக்கு எரிச்சல் மூள்வது இங்கேதான்.

ஒரு சொல்லை மக்கள் எப்படியெல்லாம் ஆள்கிறார்கள் என்று அகராதி பதிவு செய்கிறது. யார் ஆள்வது சரி என்று தீர்ப்புச் சொல்வது அதன் வேலை இல்லை. அமெரிக்காவில் லிபரல் என்றால் பொதுவாக இடதுபக்கம் சாய்ந்தவர், அரசின் நலத்திட்டங்களை ஆதரிப்பவர். ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் அதே சொல் சந்தைச் சுதந்திரத்தை வலியுறுத்துபவரைக் குறிக்கும். ஆஸ்திரேலியாவிலோ 1944-இல் உருவான லிபரல் கட்சிதான் முக்கிய வலதுசாரிக் கட்சி. இவர்களில் பிழையாகப் பேசுபவர் யார்? எவருமில்லை. மதச்சார்பின்மையும் அப்படித்தான். பிரான்ஸில் 1905-ஆம் ஆண்டுச் சட்டம் அரசையும் திருச்சபையையும் பிரித்து வைத்தது. 1976-இல் இந்திய அரசியல் சாசன முகப்புரையில் சேர்ந்த அதே கருத்து, எல்லா மதங்களையும் அரசு சமமாக நடத்துவது என்றே பெரிதும் புரிந்துகொள்ளப்படுகிறது. ஒருவர் முதலாவதை மனத்தில் வைத்தும் மற்றவர் இரண்டாவதை வைத்தும் விடிய விடியச் சண்டை போடலாம். அகராதி இரண்டையும் அச்சிட்டுவிட்டுச் சும்மா இருக்கும்.

சில கருத்துகளின் இயல்பிலேயே சர்ச்சை இருக்கிறது என்று 1956-இலேயே எழுதினார் டபிள்யூ. பி. கேலி என்ற தத்துவ அறிஞர். ஜனநாயகம் அவர் காட்டிய உதாரணங்களில் ஒன்று. இத்தகைய சொற்கள் பாராட்டாகவும் இருப்பதால் ஒரு தரப்பும் மற்றதற்கு விட்டுக்கொடுப்பதில்லை. ஒரே கட்சியின் பிடியில் பல பத்தாண்டுகள் இருந்த கிழக்கு ஜெர்மனியும் தன்னை 'ஜெர்மன் ஜனநாயகக் குடியரசு' என்றே அழைத்துக்கொண்டது. நல்ல பெயருக்கு அவ்வளவு கிராக்கி.

"முதலில் வரையறையை முடிவு செய்துவிட்டுப் பேசலாமே" என்பவர்கள் கொஞ்சம் கெட்டிக்காரர்கள். அவர்களுக்கு ஐ.நா.வைக் காட்டுவேன். பயங்கரவாதம் குறித்த விரிவான உடன்படிக்கைக்கு இந்தியா வரைவு கொடுத்தது 1996-இல். இன்னும் அது நிறைவேறவில்லை. முக்கிய முட்டுக்கட்டை வரையறைதான். யார் உள்ளே, யார் வெளியே என்று முடிவானால் பாதி வழக்கு முடிந்துவிடும் என்பது எல்லா நாடுகளுக்கும் தெரியும். 1948-இல் இனப்படுகொலைக்கு வரையறை கிடைத்தது உண்மை. அதற்காக, பாதுகாப்புப் பெறும் குழுக்களின் பட்டியலிலிருந்து அரசியல் குழுக்களை விட்டுவிட வேண்டியிருந்தது. சட்டம் இயற்றும்போது அந்த விலையைக் கொடுத்தே ஆக வேண்டும். ஒரு மாலை நேரக் கூட்டத்தில் எதற்கு?

சண்டை ஒரு சொல்லில் சிக்கியதும் அந்தச் சொல்லைத் தள்ளி வைத்துவிட்டுப் பேசுங்கள். எந்தச் சட்டம் மாற வேண்டும்? யாருக்குக் கிடைக்கும்? யார் பணம் கட்டுவார்? எதிராளி சொன்னதை, "ஆமாம், நான் சொன்னது இதுதான்" என்று அவரே ஒப்பும்படி திருப்பிச் சொல்லாமல் மறுப்புக்குப் போகாதீர்கள். 'பாசிஸ்ட்' என்று ஒருவர் வீசினால் கைதட்டாதீர்கள். எந்தச் செயலைப் பார்த்து அப்படிச் சொல்கிறார் என்று கேளுங்கள். தொடக்கத்தில் 'சுதந்திரம்' என்று பொதுவாகச் சொல்லி எல்லோரையும் தலையாட்டவைத்து, முடிவில் வரிக்குறைப்பை மட்டும் அதற்குப் பொருளாக்கும் பேச்சாளர்கள் உண்டு. நான் குறிப்பேட்டின் ஓரத்தில் அந்தச் சொல்லை எழுதி, அது பொருள் மாறும் இடத்தில் ஒரு கோடு போட்டு வைப்பேன். நீங்களும் செய்து பாருங்கள். இளைஞர்களிடம் மட்டும் ஒரு வேண்டுகோள்: உங்கள் சொல்லுக்கு வேறு பொருள் கொள்பவர் அதனாலேயே பொய்யராகிவிட மாட்டார். அவரிடம் ஓர் உதாரணம் கேளுங்கள், பொறுமையாக.

கூட்டம் ஏற்பாடு செய்பவர்களே, சர்ச்சைச் சொல்லைத் தயவுசெய்து தலைப்பிலேயே வைக்காதீர்கள். 'ஜனநாயகம் பிழைக்குமா?' என்பதைவிட 'தேர்தல் ஆணையரை யார் நியமிக்க வேண்டும்?' என்று போடுங்கள். பேச்சாளர் கிடைப்பது சற்றுக் கடினம்தான். படித்துவிட்டு வர வேண்டியிருக்கும்.