புற்றுநோய் வலிக்கு மனநல மாத்திரை எதற்கு? மார்ஃபின் எங்கே கிடைக்கும்?

மாமாவின் மருந்துச் சீட்டை மெடிக்கல் ஷாப்பில் நீட்டினேன். அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம், இரவு ஒன்று. கடைப் பையன் பார்த்துவிட்டு, "இது டிப்ரஷன் மாத்திரையாச்சே, யாருக்குண்ணே?" என்றான். அத்தையின் முகம் சுருங்கிவிட்டது. வீட்டுக்கு வந்ததும், "வலிக்குதுன்னு அவர் சொல்றதை டாக்டர் நம்பலையா?" என்று கேட்டார்.

நம்பியதால்தான் அந்த மாத்திரை. கட்டி நரம்பை அழுத்தினாலோ, கீமோவில் நரம்பு கெட்டாலோ வருகிற வலி வேறு ரகம். எரியும், மரத்துப்போகும், ஷாக் அடித்தது போலச் சுரீரென்று இழுக்கும். அதற்கு, அபினியிலிருந்து எடுக்கிற வலிமையான வலி மருந்தான மார்ஃபின் மட்டும் பல நேரம் போதாது. அமிட்ரிப்டிலின், டுலோக்செட்டின் போன்றவை மனச்சோர்வுக்கு வந்த மருந்துகள்தான். ஆனால் நரம்பு வலியையும் தணிக்கும். அமிட்ரிப்டிலினை இதற்கு மனச்சோர்வுக்குத் தருவதைவிடக் குறைந்த அளவில்தான் தொடங்குவார்கள். மனச்சிதைவுக்குத் தரும் ஹாலோபெரிடாலைக்கூட, மார்ஃபினால் வரும் குமட்டலை அடக்கச் சின்ன அளவில் எழுதுவதுண்டு.

இந்த மூன்றுக்கும் டாக்டர் சீட்டு இருந்தால் போதும், எந்த மருந்துக் கடையிலும் வாங்கலாம். போதைப்பொருள் சட்டத்துக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை.

மார்ஃபின் கதைதான் சிக்கலானது. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் மருத்துவப் பயன்பாட்டைத் தடை செய்யவே இல்லை. ஆனால் உரிமத்துக்கு மேல் உரிமம், மாநிலத்துக்கு ஒரு விதி, தவறினால் சிறை என்றிருந்ததால், பல ஆஸ்பத்திரிகள் மார்ஃபின் வைப்பதையே விட்டுவிட்டன. அரசு உரிமத்தோடு அபினி விளைவிக்கிற நாட்டில் இந்த நிலை! 2014இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அதையொட்டி மார்ஃபின், ஃபென்டனில், மெதடோன், ஆக்ஸிகோடோன், கோடீன், ஹைட்ரோகோடோன் ஆகிய 6 மருந்துகள் 'அத்தியாவசிய போதை மருந்துகள்' ஆயின. 2015 விதிகளின்படி, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அங்கீகாரம் ஒன்று இருந்தால் ஒரு மருத்துவமனை இவற்றை வாங்கி வைத்து நோயாளிக்குத் தரலாம்.

ஆகவே மார்ஃபினுக்காகக் கடை கடையாக ஏறி இறங்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனையில் வலி நிவாரண ஆதரவு சிகிச்சைப் பிரிவு உண்டா, அங்கே மார்ஃபின் தருகிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். சீட்டு இருக்கும்வரை நோயாளி அதை வீட்டில் வைத்திருப்பது குற்றமல்ல. மிஞ்சினால் தந்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வலி மாத்திரையான டிரமடோல், பதற்றத்துக்குத் தரும் அல்பிரசோலம் இரண்டும் நடுவில் நிற்பவை. கடையில் கிடைக்கும், ஆனால் போதைப்பொருள் சட்டப் பட்டியலிலும் உண்டு. டிரமடோல் 2018இல் சேர்ந்தது. சொந்த மருத்துவத் தேவைக்கு ஒரு நேரத்தில் 100 மாத்திரை வரை வைத்திருக்கலாம். நீண்டகால சிகிச்சை என்று டாக்டர் எழுதியிருந்தால் 300 வரை.

படுக்கையை விட்டு எழ முடியாதவர்களுக்குத் தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் ஆதரவு சிகிச்சைச் செவிலியர் வீட்டுக்கே வருவார். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்தால் போதும்.

நோயோடு நிஜமாகவே மனச்சோர்வும் சேர்ந்துவிட்டால் அதற்குத் தனி உரிமை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 18ஆம் பிரிவு அரசு மருத்துவமனையில் மனநல சிகிச்சை பெறும் உரிமையையும், அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மருந்துகளை இலவசமாகப் பெறும் உரிமையையும் தருகிறது. காப்பீட்டு நிறுவனங்கள் உடல் நோய்க்குச் செய்வதைப் போலவே மனநோய்க்கும் செய்ய வேண்டும் என்கிறது 21ஆம் பிரிவு. போனில் பேசினால் போதும் என்றால் அரசின் மனநல உதவி எண் 14416. இலவசம், தமிழிலும் பேசலாம்.

ஒரு எச்சரிக்கை. மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்ஸிஃபென் சாப்பிடுகிறவருக்குப் பராக்ஸெட்டின், ஃப்ளூவாக்ஸெட்டின் ஆகிய மனச்சோர்வு மருந்துகளைத் தந்தால் டமாக்ஸிஃபெனின் வேலை குறையக்கூடும். டுலோக்செட்டினையும் புற்றுநோய் டாக்டரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். மார்ஃபினோடு தூக்க மாத்திரையைத் தானாகச் சேர்த்தால் மூச்சே மந்தமாகிவிடும். புற்றுநோய் டாக்டருக்கு மனநல டாக்டரின் சீட்டு தெரியாது, அவருக்கு இவருடையது தெரியாது. அத்தை இப்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரே பிஸ்கட் டப்பாவில் போட்டு, எங்கே போனாலும் டப்பாவோடுதான் போகிறார்.